எடைபோடாத இழை

காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கம் பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கும். நெய்த சேலையை எடைபோட்டு வாங்கும். இழைக்கு இவ்வளவு கணக்குள்ள ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன்: பெண்ணின் சதைக்கு என்ன கணக்கு?

2014இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மனித ஸ்டெம் செல்களிலிருந்து மிகச் சிறிய இரைப்பைத் திசுவை வளர்த்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையைத் தாக்கும் விதத்தை அதில் ஆராயலாம். அறுவை சிகிச்சையில் அகற்றிய திசுவிலிருந்தும் இப்படி வளர்க்க முடியும். விலங்குகளுக்குப் பதிலாக இத்தகைய முறைகளை இந்தியாவின் மருந்துச் சோதனை விதிகளும் 2023இல் ஏற்றன. எலி தப்பிக்கிறது, மகிழ்ச்சி.

திசு தந்தவர்? 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுச் செல்களைக் கேட்காமலே ஆய்வுக்கு எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்தார். செல்கள் இன்றும் வளர்கின்றன, விற்கப்படுகின்றன.

'எப்படியும் குப்பைக்குப் போவதுதானே' என்பார்கள். அறுந்த பட்டிழையைக்கூட இங்கே யாரும் குப்பை என்பதில்லை. தார் சுற்றும் அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்றால் கணவர் கையெழுத்துப் போடுகிறார். சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆய்வுக்கான சம்மதம் அல்ல. கணவரின் சம்மதம் அக்காவின் சம்மதமும் அல்ல. அக்காவுக்குப் புரியும்படி சொல்லி, அக்காவிடமே கேட்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. மருந்து வந்தால் அது அவர் வீட்டுக்கும் எட்ட வேண்டும். கேட்காமல் எடுத்தது தானமாகாது.