மலையேற்றமும் திசை விரதமும்

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள், வனத்துறை வழி திறந்துவிடும் பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் குழுவாக வெள்ளியங்கிரிக்குச் செல்வது வழக்கம். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியோடு புறப்பட்டு, வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவிலேயே ஏறுகின்றனர். நம் இல்லத்துப் பிள்ளைகளும் உடன்செல்ல விழைகின்றனர். செல்லலாமா? 'அது பிறர் தலம்' என்று தடுப்பதும், 'இளமையில் போய்வரட்டும்' என்று விடுவதும் எளிய விடைகள். நம் அறநூல்கள் எழுப்பும் வினா வேறு.

இல்லறத்தாரின் பன்னிரு விரதங்களுள் குணவிரதம் மூன்று. அவற்றில் முதலாவது திசை விரதம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் வரைந்து கொள்வது அது. எண்திசையோடு மேலும் கீழும் இதில் அடங்கும். தத்துவார்த்த சூத்திரம் கூறும் இவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் முதலாவது மேல் எல்லையைக் கடத்தல். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதற்குக் காட்டும் சான்று மலையேறுதலே. கீழ் எல்லைக்குக் கிணற்றில் இறங்குதலைக் காட்டுகிறார். (கொங்கு நாட்டுக் கிணறுகளின் ஆழம் அறிந்தவர் இதனை நன்குணர்வர்.) சமந்தபத்திரரோ கடல், ஆறு, காடு ஆகியவற்றோடு மலையையும் எல்லைக் குறியாகவே கொள்கிறார்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? இரத்தினகரண்டக சிராவகாசாரம் தரும் விளக்கம் வியப்பூட்டுவது. வரைந்த எல்லைக்கு அப்பால் இல்லறத்தான் நுண்ணிய தீமையும் செய்வதில்லை. ஆதலின் அங்கே அவனுடைய அணுவிரதங்கள் மகாவிரதங்களின் நிலையை எய்துகின்றன. நான் ஏறாத சிகரத்தின் எறும்புக்கும் புல்லுக்கும் நான் முனிவனுக்கு ஒப்பானவன்! உச்சியை அடைந்தவனையே உலகம் போற்றுகிறது. அடையாது விட்டவனுக்கும் ஒரு பேறு உண்டு என்பதை வேறெவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னார்?

முனிவர்கள் மலைகளில் உறைந்தார்களே எனலாம். அவர்கள் பகலொளியில், முன்னே நான்கு முழம் நிலத்தை நோக்கி அடிவைக்கும் ஈரியா சமிதி உடையோர். கைவிளக்கொளியில் நெருக்கியடித்து ஏறும் கூட்டத்திற்கு அது இயலுமா?

ஆயினும் மலையேறாதவன் மாசற்றவன் என்பதும் பொருந்தாது. வெள்ளியங்கிரியில் தோன்றும் நொய்யல் திருப்பூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. சாயக்கழிவு நீர் ஒரத்துப்பாளையம் அணைவரை சென்று உழவர் நிலங்களைக் கெடுத்தது. கழிவு முற்றிலும் வெளியேறா நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டே எல்லைக்கு வெளியே பொருளை எறிதல், தேச விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளது. கால் எல்லைக்குள் நின்றாலும் கழிவு நிற்கவில்லை.

மலையேற்றத்தை இவ்விரதம் அறவே விலக்கவில்லை என்பதே என் துணிபு. எல்லையை வகுப்பவன் அவனே. கவனமின்மை, மயக்கம், மனம் வேறொன்றில் பற்றியிருத்தல் ஆகியவற்றால் அதிசாரம் நேர்வதாகப் பூஜ்யபாதர் கூறுகிறார். பகலில் ஏறுவேன், ஐந்தாம் மலையோடு நிற்பேன் என்று பூண்டியிலேயே வரைந்துகொண்ட பிள்ளை, ஆறாம் மலையின் ஆண்டி சுனையிலிருந்து தோழர்கள் அழைக்கும்போது என்ன செய்வான்? அவனை அனுப்பும் பெற்றோர், உணவு மூட்டையைக் கட்டுமுன் இதனை அவனோடு பேசிவிடுதல் நன்று.