கடைக்காரரின் மறதி

எங்கள் ஊர்ப் பஸாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றை நடத்தி வரும் இளைஞர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். மஃரிபுக்குப் பின் வீடு திரும்பும் வழியில் அவருடைய கடை வாங்கில் சற்று நேரம் இருந்து கதைத்துவிட்டுப் போவது என் வழக்கம். அப்படியொரு நாளில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே.

நடந்தது இதுதான். கட்டாரில் தொழில் பார்க்கும் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். மனைவியின் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்து, "தம்பி, இந்த லொக்க எடுத்துத் தாங்க" என்றிருக்கிறார்.

"ராத்தாக்கிட்டக் கேட்டா நம்பரச் சொல்லுவாதானே காக்கா?"

"அவக்கிட்டக் கேக்கத் தேவையில்ல. நான் காசு குடுத்து வாங்கின போன்."

இதே தொலைபேசியின் கண்ணாடி உடைந்து, ஒரு மாதத்துக்கு முன்னர் அந்தப் பெண்ணே கடைக்குக் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்ததும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதால், வழக்கம் போலப் பெயர், தொடர்பு எண், திறக்கும் இரகசிய இலக்கம் ஆகியவற்றை இளைஞர் தன் ரெஜிஸ்டர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கொப்பி அவருடைய முழங்கைக்குக் கீழேயே கிடந்தது. பக்கத்தைப் புரட்டினால் போதும்.

"எனக்கு நம்பர் தெரியாது காக்கா. லொக்க உடைச்சா உள்ளுக்கு இருக்கிற எல்லாம் அழிஞ்சி போயிரும்" என்றாராம். இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது பொய். வந்தவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"சேர், நான் பொய் சொன்னது பிழையா? இல்லாட்டி உண்மையச் சொல்லியிருந்தா அதுதான் பிழையா?" இதுதான் அவர் என்னிடம் கேட்டது.

முதலில் அந்தக் கணவரின் நியாயத்தைப் பார்ப்போம். காசு கொடுத்தவருக்கே பொருள் சொந்தம் என்பது வியாபாரத்தின் அடிப்படை. ஆனால் தாளும் பேனாவும் வாங்கிக் கொடுத்தவருக்கு அவற்றால் எழுதப்பட்ட கடிதம் சொந்தமாகி விடுவதில்லை. தொலைபேசி என்பது கண்ணாடியும் தகடும் மட்டுமல்ல. அந்தப் பெண்ணின் சகோதரி தன் நோயைப் பற்றி அனுப்பிய செய்தி அதற்குள் இருக்கலாம். அயல் வீட்டுக்காரி தன் வறுமையைச் சொல்லி அழுத குரல்பதிவு இருக்கலாம். இவை அவளை நம்பி அனுப்பப்பட்டவை. அவளே அனுமதித்தாலும் கூட, இவற்றைக் காட்டும் உரிமை அவளுக்கு முழுமையாக உண்டா என்பது சந்தேகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் தனியொரு உரிமையாகக் கூறப்படவில்லை. எனினும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. தனக்கு அதிகாரமில்லை என அறிந்துகொண்டே கணினியொன்றினுள் அல்லது அதிலுள்ள தகவலினுள் நுழைவது அதன்படி குற்றம். தகவல்களைக் கையாளும் கருவிகளெல்லாம் அச்சட்டத்தின் பார்வையில் கணினிகளே என்பதால் கைத்தொலைபேசியும் அதில் அடங்கும். தனக்காக நுழைவதை மட்டுமன்றி, இன்னொருவருக்காக நுழைவதையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. கூலிக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பவர் "நான் உள்ளே பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்பிக்கொள்வது இலகுவல்ல.

பிறகு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. வீட்டுக்குள் ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகக் கையாளும் விபரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. கடைக்காரருக்கோ அந்த விலக்கு இல்லை. இன்ன தேவைக்கு என்று வாங்கிய விபரத்தை அந்தத் தேவைக்கே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்த பின் வைத்திருக்கக் கூடாது என்பவை அச்சட்டத்தின் கொள்கைகளில் இரண்டு. கொழும்பிலுள்ள வங்கிகளையும் தொலைபேசிக் கம்பனிகளையும் மனதிற்கொண்டு இயற்றப்பட்டது போலத் தோன்றும் இந்தச் சட்டம், எங்கள் பஸாரின் ரெஜிஸ்டர் கொப்பியையும் தொடுகிறது என்பது என் மாணவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவர் சட்டத்துக்குப் பயந்து பொய் சொல்லவில்லை. அவருக்குச் சட்டம் தெரிந்திருக்கவுமில்லை.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். 2019ஐக் கடந்து வந்த நாம் இக்கேள்வியை இலேசாகக் கேட்டுவிட முடியாது. அவ்வாண்டு மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் தன் உடையில் இருந்த உருவத்துக்காகக் கைது செய்யப்பட்டார். அது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர்களுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். ஒளிக்க அவரிடம் எதுவுமே இருக்கவில்லை. அந்நாட்களில் தொலைபேசியில் இருந்த அரபு எழுத்துக்களையும் பயான்களையும் கூட அழித்துவிட்டு உறங்கியவர்கள் எத்தனை பேர்! பார்க்கப்படும் பொருளில் குற்றம் இல்லாதிருக்கலாம். பார்க்கிற கண்ணில் ஏற்கெனவே தீர்ப்பு இருந்தால், கிடைப்பதெல்லாம் சாட்சியமாகி விடும். சந்தேகத்தோடு வந்த கணவரின் கண்ணும் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணிடம் தவறு உண்டா இல்லையா என்பது கடைக்காரர் தீர்க்க வேண்டிய வழக்கு அல்ல.

இவ்விடத்தில் நம் சிறு வியாபாரிகளின் பழைய வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இருக்கவில்லை. சவூதியிலும் குவைத்திலும் பணிப்பெண்களாக இருந்த தாய்மார், குறித்த நேரத்துக்குக் 'கொமியுனிகேசன்' கடைக்கு அழைப்பு எடுப்பார்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்த முதலாளியின் காதில் எல்லாம் விழும். சம்பளம் கிடைக்காத கதை, கணவன் காசை அழித்த கதை, இரவில் அழும் கதை. ஊரின் பாதி இரகசியம் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் வாயால் ஒரு கதை வெளிவந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காதில் விழுவதை அவரால் தடுக்க முடியாது. அதை வெளியே கொண்டு போகாதிருப்பதே அவர் பேணிய அமானிதம். நாளடைவில் அவரே பலவற்றை மறந்தும் போயிருப்பார்.

பலசரக்குக் கடைக் கடன் கொப்பியும் அப்படித்தான். காசு கொடுத்ததும் முதலாளி பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கொப்பி முடிந்தால் அடுப்புக்குப் போகும். யார் எந்த மாதம் அரிசிக்குக் கடன்பட்டார் என்பது அதோடு முடிந்துவிடும்.

ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் நம்மவர்கள் கொஞ்சம் அவதானமாக இருந்தார்கள். கலியாணப் படங்களை வாங்கும்போது நெகடிவையும் எண்ணி வாங்கிக்கொண்ட வாப்பாமாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களது கவலை கமெராவோடு கூடவே பிறந்தது. 1888இல் அமெரிக்காவில் முதலாவது கொடக் கமெரா விற்பனைக்கு வந்தபோது அதற்குள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடிந்ததும் கமெராவை அப்படியே ரொச்செஸ்டர் நகரிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்தின் 100 படங்களும் முன்பின் அறியாத தொழிலாளர் கைகளால் கழுவப்பட்டுத் திரும்பி வரும். இரண்டே ஆண்டுகளில், 1890இல், வொரன், பிரண்டைஸ் என்ற இரு சட்டத்தரணிகள் ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையில் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. நொடியில் எடுக்கப்படும் புகைப்படமும் பத்திரிகையும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன என்பதே அவர்களது முறைப்பாடு. இன்று திருத்தும் கடைக்குப் போகும் கைத்தொலைபேசி அந்தக் கொடக் கமெரா போன்றதுதான். ஆனால் அதற்குள் இருப்பது 100 படங்கள் அல்ல, முழு வாழ்க்கை.

அன்றைய கடைக்காரர்கள் எல்லோரும் இன்றையவர்களை விட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறதி அவர்களுக்கு உதவி செய்தது. மனிதனின் ஞாபகம் மங்கும், கொப்பியைக் கறையான் தின்னும், நெகடிவ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்று எதுவும் தானாக அழிவதில்லை. திருத்த வந்த தொலைபேசியிலிருந்து கணினிக்கு மாற்றிய படங்கள், பிரதி எடுக்க வட்ஸ்அப்பில் வந்த அடையாள அட்டை, கமெராவில் பதிந்த வாடிக்கையாளர் முகங்கள் என்று எல்லாமே யாரும் அழிக்கும்வரை அப்படியே கிடக்கின்றன. ஒருமுறை நான் கச்சான் வாங்கிய கடதாசிப் பையைப் பிரித்துப் பார்த்தபோது, யாரோ ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் பிரதி இருந்தது. எமது பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். கச்சானைத் தின்று முடிப்பதற்குள் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் பெயரும் விலாசமும் பிறந்த தினமும் எனக்குத் தெரிந்துவிட்டன. அந்தப் பிரதியை எடுத்தவர் கெட்டவர் அல்ல. வேலை முடிந்ததும் கிழிக்கத் தவறியவர், அவ்வளவுதான்.

முன்பு இயற்கை செய்த வேலையை இன்று கடைக்காரர் தன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. மறதி இப்போது ஒரு கடமை. எல்லாவற்றையும் மறக்க வேண்டும் என்பதல்ல. பழைய தொலைபேசியை விலைக்கு வாங்குபவர், விற்றவர் யார் என்பதையும் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். நாளை அது களவுப் பொருள் என்று தெரியவந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியவர். பொறுப்புக்காக வைத்திருப்பது வேறு, சோம்பலினால் வைத்திருப்பது வேறு. திறக்கும் இலக்கம் இரண்டாவது வகை.

இனி, பொய்யின் விடயத்துக்கு வருவோம். கொலைகாரன் வந்து, உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லலாகாது என 1797இல் வாதிட்டவர் ஜேர்மனிய தத்துவஞானி இம்மானுவேல் கான்ட். மறுபுறம், மனிதரிடையே இணக்கத்துக்காகச் சொல்லப்படும் பொய்க்கு நம் மார்க்கத்தில் உள்ள சலுகையை வாசகர்கள் அறிவர். என் மாணவர் இவ்விரண்டில் எதையும் எண்ணிப் பார்த்துப் பேசியவர் அல்ல. "நம்பர் இருக்கிறது, ஆனால் தரமாட்டேன்" என்ற உண்மையை அவர் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் அந்த உண்மை கணவரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தேன். "எனக்குத் தெரியாத என் மனைவியின் இலக்கம் அந்நிய ஆண் ஒருவனிடம் இருக்கிறது!" அந்த உண்மை ஒரு வீட்டுக்குத் தீ வைத்திருக்கும். அந்தக் கணத்தில் அவருக்குத் தீங்கற்ற வழி எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அவருடைய தவறு பொய் சொன்ன நாளில் நிகழ்ந்ததல்ல என்று எண்ணுகிறேன். அது ஒரு மாதத்துக்கு முன், கண்ணாடியை மாற்றித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது நிகழ்ந்தது. அன்றே அந்த இலக்கத்தை வெட்டி அழித்திருந்தால், "எனக்குத் தெரியாது காக்கா" என்பது உண்மையாகவே இருந்திருக்கும். அமானிதத்தைக் காப்பதற்கு அவர் பொய்யின் உதவியை நாட வேண்டி வந்திராது.

இதை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். இலக்கங்கள் எழுதப்பட்டிருந்த ஓரங்கள் எல்லாம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கணவர் வந்துபோன அன்றிரவே வெட்டிவிட்டாராம். இப்போது யார் தொலைபேசி கொண்டுவந்தாலும் இலக்கத்தைக் கேட்பதில்லை. வேலை முடிந்த பின் உரியவரையே வரச்சொல்லி, அவர் கையாலேயே திறந்து பார்க்கச் செய்கிறார். இதனால் சிலர் இரண்டு முறை வரவேண்டியிருக்கிறது. அலுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

"யாவாரம் கொஞ்சம் குறைஞ்சிதான் சேர்" என்றார். "ஆனா இனி ஆரும் வந்து கேட்டா உண்மையச் சொல்லலாம்."

அந்தப் பெண்ணுக்கு இவை எதுவும் தெரியாது.