இருந்தால் போதும்

ஆங்கிலத்தில் ஒன்றை விரும்புவோன் முதலில் உண்மையை நிர்ணயித்தாக வேண்டும். கைகூடக்கூடியதற்கு 'ஹோப்', உண்மையில் இல்லாததற்கு 'விஷ்'. பின்னதைத் தொடரும் வினை, நிகழ்காலத்தைச் சுட்டும்போதும் இறந்தகால வடிவமே பூணும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே, வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் தொடர்போராட்டம் தொடங்கினர். அங்கு தாயொருவர், 'மகன் உயிரோடிருந்தால் போதும்' என்கிறாரெனக் கொள்வோம். அவ்வெச்சம் இருப்பை மறுக்கவுமில்லை, இறப்பை உறுதிசெய்யவுமில்லை. ('உயிரோடிருந்திருந்தால்' என்பது வேறு, அதை அவர் சொல்லவில்லை.) மொழிபெயர்ப்பாளர் 'விஷ்' என எழுதின், விசாரணையேதுமின்றி அம்மகனை இறந்தவனாக்கிவிடுகிறார். 2016 ஆம் ஆண்டின் மரணப் பதிவுச் சட்டத்திருத்தங்கூட, ஒருவர் காணப்படவில்லையென மட்டுமே சான்றுபகரும் பத்திரத்துக்கு இடமளித்தது.

'ஹோப்' என்பதும் முழுதாகப் பொருந்தாது. அச்சொல்லின் வெளிச்சம் அத்தாயின் குரலில் இல்லை. ஆயினும் அது கதவை அடைக்காது.