பெயரும் பொறுப்பும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பனி விலகும் காலைப்பொழுதில், தேயிலைச் சரிவின் ஓரத்துக் காட்டு வாழைப்பூவை நாடி ஒரு பறவை வருகிறது. சின்னஞ்சிறு தேன்சிட்டினும் பெரியது. ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமுடையது. மஞ்சள் கலந்த பசிய உடலெங்கும் கரிய கீற்றுகள், செம்மஞ்சள் கால்கள், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. இவ்வடையாளங்களைக் கண்டவர் அதனை 'வரிச் சிலந்திபிடிப்பான்' என்பர். பெயரைச் சொன்ன அளவில் பறவையை அறிந்ததாகுமா?

ஆங்கிலேயர் அதன் இரையை நோக்கினர். சிலந்தியைக் கொண்டு பெயரிட்டனர். மலாய் மொழியில் அஃது 'கெலிச்சாப் ஜந்தோங்' இனத்தது. ஜந்தோங் என்பது இதயம். வாழைப்பூவுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். தேன் உண்பதை மட்டும் கண்டு, ஆஸ்திரேலியாவின் தேனுண்ணிக் குடும்பத்தில் இதனைச் சேர்ப்பின் அது பிழையாகும்; இது தேன்சிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு பக்கத்தைக் காட்டி, மறுபக்கத்தை மறைக்கிறது.

மலையின் பெயரும் அத்தகையதே. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவருக்கு முன்பே அங்கு வாழ்ந்த செமாய் மக்களையோ, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரையோ அப்பெயர் சொல்வதில்லை.

அங்ஙனமாயின் பெயர் வேண்டா, அழகை நுகர்ந்தாற் போதும் என்பார் உளர். அக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. இப்பறவை வாழையிலையின் அடிப்புறத்தில், சிலந்தி நூலால் தைத்துக் கூடு கட்டும். இதனை அறியாதவர் விருந்துக்கு இலை அறுக்கையில் கூட்டையும் வீழ்த்தக்கூடும். அறிந்தவரோ முதலில் இலையின் அடியை நோக்குவார். ஆகவே, அறிவு அருளுக்குக் கண்ணாகிறது.

எனினும் அதே அறிவு ஊறும் செய்யவல்லது. பறவையின் குரலைப் பதிவுக்கருவியில் ஒலிக்கச் செய்தால், எல்லைக்குள் பகை புகுந்ததென மயங்கி அது வெளிப்படும். காண்பவருக்கு அது நொடிப்பொழுது மகிழ்ச்சி; பறவைக்கோ கூட்டையும் இரையையும் மறந்த வீண் அலைச்சல். அழைக்காமல், வருமட்டும் காத்திருப்பவரே அப்பறவையின் வாழ்வை உள்ளபடி காண்கிறார். அவர் சில நாள் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். அந்த இழப்பை ஏற்பதே அறிந்தவரின் கடன்.

பெயரறிவது அறிவின் வாயில். அவ்வறிவால் கை அடங்குவதே அறம். இலையறுக்க நீண்ட கத்தி ஒரு கணம் தயங்குமாயின், அப்பறவையின் பெயரைக் கற்றது வீண்போகவில்லை.