மறந்துபோன நோவு

கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் சொல்வதுண்டு: "சின்னப் பிள்ளைதானே, நாளைக்கு மறந்துபோம்." தாயைத் தேற்றச் சொல்லும் சொல், குற்றமில்லை. ஆனால், வாசகரே, வைத்திய உலகமே இதை ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொண்டிருந்த காலமும் இருந்தது.

1980களின் நடுப்பகுதி வரை, மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே குறைமாதக் குழந்தைகள் பலருக்கு நோவு நீக்கும் மருந்து போதியளவு கொடாமல் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தசைகளை அசையவிடாத மருந்து மட்டும் தவறாது கொடுபடும். பிள்ளை துடியாது, அழாது. (இதைவிட அமைதியான நோயாளி யாருக்கு வாய்க்கும்!) நரம்புகள் முற்றவில்லை, வலுவான மருந்து பிஞ்சுடலுக்கு ஆபத்து, நடந்தது நினைவில் நில்லாது என்பன சொல்லப்பட்ட நியாயங்கள். 1987இல் ஒக்ஸ்போர்டில் ஆனந்த் என்னும் வைத்தியரும் துணைவர்களும், இத்தகைய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு நோவு நீக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அது கிடையாத பிள்ளைகளின் குருதியில், பேராபத்திலே உடல் சுரக்கும் சுரப்புகள் மிக அதிகமாக எழுந்தன. பின்விளைவுகளும் அவர்களுக்கே கூட.

அந்த நோவு அன்றோடு போயிற்றா? மனிதக் குழந்தையின் நரம்பை வெட்டிப் பார்க்க முடியாது. ஆகவே எலிக்குஞ்சுகளில் பார்த்தார்கள். பிறந்தவுடன் பின்னங்காற் பெருநரம்பை வெட்டினால், அதற்குரிய உணர்வு நரம்புக் கலங்களிற் பெரும்பங்கு இறந்துபோகிறது. வளர்ந்த எலியில் இவ்வளவு இறப்பதில்லை. வெறுமையான இடத்துக்குள், வேலி சாய்ந்த வளவுக்குள் அயற்காணிக் கொடி படர்வதுபோல, பக்கத்து நரம்பின் நார்கள் முண்ணாணிலே படர்ந்து வருகின்றன. தோலிற் காயம் பட்டாலோ, அவ்விடத்தில் நார்கள் வழமைக்கு மேலாக அடர்ந்து முளைத்து, எலி வளர்ந்த பின்னும் அப்படியே நிற்கின்றன. இன்னொன்று விசித்திரம். 10 நாட் குஞ்சின் நரம்பிலே ஒரு பகுதியைக் காயப்படுத்தினால், அப்போது அது பெரிதாக எதையும் காட்டுவதில்லை. ஏறத்தாழ மூன்று கிழமை சென்று, இளம் பருவத்தில், இலேசாகத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்கிறது.

ஆக, மனம் மறந்ததை உடல் மறக்கவில்லை. இதைக் கேட்டு, "அப்படியானால் குழந்தையை நோகச் செய்தது தவறுதான்" என்கிறோம். எனக்கு இங்கேதான் தயக்கம். தழும்பு இருந்தபடியாலா அது தவறாயிற்று? நார் ஒன்றும் படராமல், அடையாளம் எதுவும் இல்லாமல் அந்த நோவு மறைந்திருந்தால் சரியாகிவிடுமா? நேற்று நடந்ததை இன்று மறந்துவிடும் முதியவரைக் கிள்ளலாம் என்று எவரும் சொல்லார். அந்த வேளையில் நோவதற்கு ஓர் உயிர் அங்கே இருந்தது. எனக்கு அதுவே போதும்.

ஆனால் இந்த நியாயம் குழந்தையோடு நிற்காது. எலிக்குஞ்சும் வாய்பேசாதது, அதுவும் அந்த வேளையில் நோவது. 1959இல் ரசல், பேர்ச் என்ற இருவர், முடிந்த இடத்தில் விலங்கைத் தவிருங்கள், தொகையைக் குறையுங்கள், வேதனையைத் தணியுங்கள் என்று எழுதினர். இன்று நரம்பை வெட்டும்போது குஞ்சுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். பின்னால் வரும் நோவுக்கு மட்டும் மருந்து கொடுக்க வழியில்லை. அளந்து பார்க்க வேண்டியதே அந்த நோவுதான்.