நண்பகல் காவல்

கோழி காணாமல்போன வீட்டில் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஊர்களில் வயதான பெண்களுக்கு இது பழகிய படிப்பு. கழுத்தில் மட்டும் கடித்திருக்கிறது, உடம்பு அப்படியே கிடக்கிறது, பக்கத்தில் இன்னும் ரெண்டு செத்துக் கிடக்கின்றன என்றால் கீரி. இறகு கோடு போட்டதுபோல் வேலிவரை போய் முள்ளுக்குள் மறைந்தால் காட்டுப்பூனை. குதறிப்போட்டுத் தின்னாமல் விட்டிருந்தால் நாய். அடைமுட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் போயிருந்தால் பாம்பு. குஞ்சில் ஒன்று குறைந்து தரையில் ஒரு தடயமும் இல்லையென்றால் பிராந்து, இல்லாவிட்டால் காக்கை.

யார் கொண்டுபோனது என்று தெரிவதால் மனசு ஆறிவிடாது. ஆனாலும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

குஞ்சைப் பறிகொடுத்த தாய்க்கோழி குப்பையைக் கிளறுவதை நிறுத்துவதில்லை. நாலு கிளறு கிளறுகிறது, தலையைத் தூக்குகிறது, கூப்பிடுகிறது, மிச்சக் குஞ்சுகள் ஓடிவந்த பிறகும் இன்னொரு தடவை கூப்பிடுகிறது. அதற்கு எண்ணத் தெரியுமா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். இத்தாலியில் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளைப் பற்றியது. கூடவே வளர்ந்த சிறு பொருள்களை இரண்டு தடுப்புகளுக்குப் பின்னால் பிரித்து மறைத்தபோது, இரண்டு இருக்கும் பக்கத்தைவிட மூன்று இருக்கும் பக்கத்துக்கே அவை அதிகமும் போயின. குஞ்சுக்கே அந்த அளவு கணக்கு உண்டென்றால், கூப்பிட்டுக்கொண்டே நிற்கிற தாய்க்கு ஒன்று குறைவது தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

*

குறுந்தொகையின் 139ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. சிவகங்கைப் பக்கத்து ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள், இங்கிருந்து தூரமில்லை. மாலை நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட்டது. எங்கே புகுவது என்று தெரியாமல் குஞ்சுகள் கூடி நிற்கின்றன. வீட்டுக்கோழி அவற்றை அழைக்கிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவனைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்கு அந்தக் கூப்பாட்டை உவமையாக வைத்திருக்கிறார் அந்த அம்மையார். வேலியையும் பொழுதையும் அவர் குறித்த துல்லியம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. இரண்டாயிரம் வருஷ அளவுக்குப் பழைய பாட்டு. இன்றைக்கும் காட்டுப்பூனை அந்தப் பக்கமாக, அந்த வேளையில்தான் வருகிறது. பொழுது மங்கினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பூனைக்கு அப்போதும் நன்றாகத் தெரியும்.

வேலிதான் மாறியிருக்கிறது. இப்போது எங்கும் சீமைக்கருவேலம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டச் சொன்னதும், ஊர் ஊராக மண்வாரி எந்திரம் வந்ததும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. கண்மாய்க்குள் மறுபடி தழைத்துவிட்டது. பூனை படுத்திருப்பதும் அந்த முள்ளுக்குள்தான், பிராந்தின் நிழல் விழுந்தால் குஞ்சுகள் பாய்ந்து ஒளிவதும் அதற்குள்தான். அதனால் கொல்லைப்புறத்து முள்ளை முழுக்க வெட்டுவதா விடுவதா என்று கேட்பவர்களிடம், கூட்டைச் சுற்றி வெட்டவெளியாக வைத்துக்கொண்டு, பகலில் மேய்கிற பக்கம் நாலு புதரை விட்டுவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

*

ராத்திரிக் காவல் எளிது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல். "மதினி, கல்லு வச்சீகளா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்கும் குரலோடுதான் பல தெருக்கள் இன்னும் அடங்குகின்றன. கூடு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் கோழிவலை என்று விற்கிற மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, நாயை வெளியே நிறுத்தாது. கண் சிறிய, கனமான கம்பிவலைதான் வேண்டும். அதையும் தரையோடு நிறுத்தாமல் ஒரு முழம் வெளிப்பக்கம் மடக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். தோண்ட வருகிற பிராணி சுவரடியில்தான் தோண்டும். அங்கே கம்பி தட்டுப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கரிசல் இதிலும் தன் குணத்தைக் காட்டும். மழையில் ஊதி, கோடையில் கை நுழையும்படி வெடிக்கும் மண் அது. ஐப்பசியில் இடைவெளியில்லாமல் நட்ட கால் சித்திரையில் சாய்ந்திருக்கும், கதவடியில் விரற்கடை சந்து விழுந்திருக்கும். கூட்டைக் கட்டி முடித்தோம் என்ற பேச்சே இந்த மண்ணில் கிடையாது. வெடிப்பு விடும் மாதங்களில் தட்டைக்கல்லைச் சுற்றிலும் அணைத்து வைத்து, அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*

பகல்தான் கஷ்டம். கீரி பகலில் திரிகிற பிராணி. உச்சி வெயிலில், ஊரே ஓய்ந்திருக்கும்போது வரும். பிராந்தும் அப்படித்தான். கோழிக்கும் இது தெரியும். வானத்தில் ஆபத்து என்றால் சேவல் மெலிதாக, நீட்டி ஒரு குரல் கொடுக்கும். உடனே எல்லாம் பதுங்கும். தரையில் ஆபத்து என்றால் விட்டுவிட்டுக் கேறும். எல்லாம் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். இரண்டு குரல், இரண்டு பொருள். அந்தக் குரலைக் கேட்டு "சூ" என்று எழுந்து வர ஒரு மனிதர் வேண்டும்.

முன்பு திண்ணையில் அப்பத்தா இருந்தாள். புளி தட்டிக்கொண்டோ, பருத்தி ஆய்ந்துகொண்டோ, காதை மட்டும் கொல்லைப்புறத்தில் வைத்திருப்பாள். இப்போது காலையில் மில் வேன் வருகிறது, பட்டாசு ஆலை வேன் வருகிறது. வேன் போன பிறகு தெருவில் நடந்தால் பூட்டுகளைத்தான் பார்க்க முடியும். கீரி பெருகிவிட்டது என்கிறார்கள். பெருகியிருக்கலாம். ஆனால் கேறுகிற கோழிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் இழப்பில் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போகிற பெண்ணை நான் குறை சொல்லவில்லை. கோழிதான் ஒரு காலத்தில் அவளுடைய சிறுவாடு. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் புருஷன் கணக்கில் சேராது. பிள்ளைக்கு நோட்டு வாங்க, தாய் வீட்டுக்குப் போய்வர அவளே எடுத்துச் செலவழிப்பாள். ஒரே மத்தியானத்தில் ஆறு கோழி போவதென்றால் அவள் கையிலிருந்து என்ன போகிறது என்று யோசிக்க வேண்டும்.

*

கோபத்தில் விஷம் வைக்கிறவர்கள் உண்டு. செத்த கோழியின் வயிற்றிலேயே வைத்து வேலியோரம் போட்டுவிடுவார்கள். அதைத் தெருநாயும் தின்னும், காக்கையும் கொத்தும். கீரி 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தின் காப்பில் இருக்கிற பிராணி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தானிய மூட்டையைத் துளைக்கும் எலியையும் கொல்லைப்புறத்துப் பாம்பையும் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். கோழியைத் தின்ற கீரிக்கும் எங்கோ ஒரு பொந்தில் குட்டிகள் இருக்கும் என்பதை, இறகு சிதறிக் கிடக்கும் முற்றத்தில் நின்று நினைப்பது கடினம். நினைக்கத்தான் வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

*

ஏழைப் பெண்களுக்கு அரசு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் எந்திரத்தில் பொரித்து, விளக்குச் சூட்டில் சில வாரம் வளர்ந்து வருகிற குஞ்சுக்குத் தாய் கிடையாது. எந்தப் புதருக்குள் ஓடுவது, எந்தக் குரலுக்குப் பதுங்குவது என்று காட்டிக்கொடுக்க யாரும் இல்லாமல் அது திறந்த முற்றத்தில் நிற்கும். நாலு வாரக் குஞ்சை எந்தக் கோழியும் தன்னுடையதாகச் சேர்க்காது, கொத்தி விரட்டும். பொரித்து ஓரிரு நாளான குஞ்சை, அடைகிடக்கும் கோழியின் அடியில் ராத்திரி இருட்டில் மெல்ல நகர்த்திவிட்டால், விடியும்போது பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகவே வீட்டில் அடைக்கோழி வைத்திருக்கும் பெண்ணுக்குச் சின்னக் குஞ்சாகவே கொடுக்கலாம். முதல் வாரத்திலேயே கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து சொட்டு விட ஊரில் ஒருவரைப் பழக்கலாம். பிப்ரவரியில் நடக்கிற தடுப்பூசி முகாமுக்கு வருகிற கால்நடை மருந்தகத்துக்காரர்களிடம், அடைக்கோழி உள்ள வீடுகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.