பேசியது யார்?

"அம்மாவை அன்னிக்கு அப்படிப் பேசினது நானாடா, இல்ல இந்த வியாதியா?" என்று அக்கா கேட்டாள். கிரேவ்ஸ் நோய்க்கு மாத்திரை தொடங்கி, கை நடுக்கம் நின்று, உடம்பு தேறிவந்த சமயம். தைராய்டு அளவுமீறிச் சுரந்தால் எரிச்சலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "வியாதிதான்" என்றேன். அவள் முகம் அதை ஏற்கவில்லை. அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை.

பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் வந்து அமர்வதற்கென்று தைராய்டில் ஓர் ஏற்பி இருக்கிறது. இந்த நோயில் அங்கே வந்து அமர்வது நம் உடம்பே உண்டாக்கிய ஆன்டிபாடி. அது சுரப்பியை அழிப்பதில்லை. சுரக்கச் சொல்லி விரட்டுகிறது. பிட்யூட்டரி அடங்கிப்போன பிறகும் அது அடங்காது. அணைக்க ஆளில்லாத அடுப்பு.

உடம்பு தனக்கே தீங்கு செய்துகொள்ளாது என்ற விஞ்ஞானி பால் எர்லிக்கின் கருத்தை மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1956இல் அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றை முயல்களுக்கே ஊசியாகப் போட்டார்கள். தம் இனத்துச் சுரப்பிக்கு எதிராகவே முயல்கள் ஆன்டிபாடி உண்டாக்கின; அவற்றின் தைராய்டும் அழற்சி கண்டது. எப்போதோ அரைகுறையாகப் படித்ததை இப்போது தேடிப்பிடித்து வாசித்தேன்.

வாசித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு சோதனை. ஜப்பானின் நாகசாகியில் நாகயாமா குழுவினர் அந்த டி.எஸ்.ஹெச். ஏற்பியின் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தி, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இனத்துப் பெண் எலிகளில் பாதிக்குச் சற்று மேல் கிரேவ்ஸ் போன்ற நோய் வந்தது. மற்றவற்றுக்கு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே இணைசேர்த்து, மரபணுவில் அச்சு அசலாக வளர்க்கப்பட்ட எலிகள் அவை. ஊசியும் ஒன்றுதான். பிறகு ஏன் பாதி?

சின்ன வயதில் அக்காவுக்கு அம்மை போட்டது. ஒரே பாயில் படுத்த எனக்குப் போடவில்லை. பாட்டி வேப்பிலையைச் செருகிக்கொண்டே, "அவளைத்தான் ஆத்தாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போதும் ஏன் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பாதி எலிகளை நினைத்தால் "எல்லாம் ஊசியின் வேலை" என்று சொல்ல வாய் வரவில்லை. ஊசி இல்லாமல் அந்த நோய் வந்திருக்காது என்பதும் நிஜம். அக்காவின் வாயில் வந்த சொற்களும் அப்படித்தானோ? மனத்தின் மூலையில் கிடந்த பழைய வருத்தத்தை நோய் கிளறிவிட்டதா, இல்லாத ஒன்றை அதுவே உண்டாக்கியதா? எங்கே நோய் முடிந்து அவள் தொடங்கினாள் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எந்த ரத்த அறிக்கையும் அதைச் சொல்லாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, கை நடுங்கி, தொட்டதற்கெல்லாம் சீறினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் தைராய்டு பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.